கூரை வழியாகப் போனவர்கள்

எந்த இடத்துக்குப் படம் எடுக்கப் போனாலும் அவள் முதலில் சொல்வது ஒன்றுதான்: "எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க."

படம் எடுக்க வந்தவள் ஆளை விரட்டுகிறாளே என்று புதிதாகப் பார்ப்பவர்கள் முழிப்பார்கள். அவள் பாட்டுக்குக் கேமரா ஸ்டாண்டை ஊன்றி, அதன் மூன்று கால் பட்ட இடத்திலும் வெள்ளைப் பெயிண்ட்டால் பொட்டு வைத்து, ஒரு ஈ காக்கை இல்லாத அறையை ஒரு படம் எடுப்பாள். அதற்குப் பிறகுதான் மனிதர்களுக்கு அனுமதி. இப்படியே அவளுக்குக் 'காலிப்படம்' என்று பெயர் விழுந்துவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்குக் காலிப்பட அக்கா. கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. அவள் அந்தப் பெயரையே எடுத்து கேமரா பையில் எழுதி வைத்துக்கொண்டாள். அதோடு கிண்டல் செய்தவர்களுக்கு சுவாரஸ்யம் போய்விட்டது.

அந்தக் காலிப் படம் இல்லாவிட்டால் அவள் வித்தை நடக்காது. ஒருத்தர் அந்தரத்தில் பறக்க வேண்டும் என்றால், அவரை ஸ்டூலில் குப்புறப் படுக்கவைத்து, கை காலை விரிக்கச் சொல்லி எடுப்பாள். பிறகு கம்ப்யூட்டரில், காலிப் படத்தின் மேல் இந்தப் படத்தை அடுக்கி, ஸ்டூல் தெரியும் இடத்தை மட்டும் துடைத்து எடுத்தால் அடியிலிருக்கும் வெறும் தரை எட்டிப் பார்க்கும். ஸ்டூல் போச்சு, ஆள் மேலே. கேட்க சுலபமாக இருக்கிறது. ஸ்டாண்டு ஒரு நூல் நகர்ந்தாலும், நடுவில் ஒரு மேகம் வந்து வெளிச்சம் மாறினாலும் அடிப்படமும் மேல்படமும் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

ஆரம்பத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே மாடல் அவளைக் கட்டிய வீட்டுக்காரர்தான். சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவர். நாள் முழுக்க மூட்டை ஏற்றி இறக்கிவிட்டு வரும் மனிதரைப் பிடித்து, குடையைக் கையில் கொடுத்து, "சிரிச்சுக்கிட்டே பறங்க" என்பாள். முதல் படம் பிரமாதமாக வந்தது. தெருவுக்கு மேலே குடையோடு அவர் மிதக்கிறார், முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எல்லாருக்கும் காட்டியாயிற்று. பக்கத்து வீட்டுப் பொடியன்தான் கண்டுபிடித்தான். ஸ்டூலை அழித்தவள் ஸ்டூலின் நிழலை அழிக்க மறந்துபோயிருந்தாள்.

"நான் என்னமோ பறந்துட்டுத்தான் இருக்கேன். என் நிழலுக்குத்தான் கால் வலிக்குது போல, ஸ்டூல் போட்டு உக்காந்துருக்கு" என்று வீட்டுக்காரர் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து எந்தப் படத்தை எடுத்தாலும் அவள் கண் முதலில் போவது தரைக்கு. முகத்தை அப்புறம் பார்ப்பாள்.

உண்மையில் அவளுடைய முதல் ஒட்டுப் படம் அது இல்லை. அதற்கும் முன்னால் ஒன்று உண்டு. அவர்கள் வம்சத்திலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். பட்டம் கொடுத்த அன்று அப்பாவால் வர முடியவில்லை. செங்கல் சூளையில் நெருப்பு வைத்த நாள். வைத்துவிட்டால் வேகும்வரை ஆள் நகர முடியாது. கறுப்பு அங்கி போட்டு, மற்ற பிள்ளைகளின் அப்பா அம்மாக்களுக்கு நடுவில், பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தாள். எடுத்தவர், "கொஞ்சம் நெருங்கி நில்லும்மா" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நகரவில்லை. ஊருக்கு வந்து, அதே காலை வெயிலில், அதே இடது பக்கம் வெளிச்சம் விழுகிற மாதிரி அப்பாவைச் சூளைச் சுவரோரம் நிறுத்தி எடுத்து, அந்த இடைவெளியில் கொண்டுபோய் வைத்தாள். முழங்கையில் செம்மண் தூசியோடு அப்பா பட்டமளிப்பு விழாவில் நிற்கிறார். அந்தத் தூசியை அவள் துடைக்கவில்லை. துடைக்க மனசும் வரவில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அந்தப் படத்தைக் காட்டி, "நான் போகலப்பா, எம்பொண்ணு என்னைக் கொண்டுபோய் ஒட்டி வெச்சிருக்கா" என்பார். ஒரு தடவை சித்தப்பா கேட்டார்: "ஒட்டினதுன்னு ஏண்ணே நீயே சொல்லிக்கிறே? சொல்லலன்னா யாருக்குத் தெரியப்போகுது?"

"தெரிஞ்சாத்தானடா அது அவ வேலை. தெரியலன்னா சும்மா போட்டோ."

அப்பா அதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. பீடியைத் தேடிக்கொண்டே சொன்னார். ஆனால் அவளுக்கு அது எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது.

பட்டத்தோடு அவள் சேர்ந்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு ஸ்டூடியோவில். பாஸ்போர்ட் சைஸ் படமும் கல்யாண ஆல்பமும்தான் பிழைப்பு. "டிகிரி முடிச்சிட்டு மூஞ்சில மரு அழிக்கிறா" என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். "அழிக்கிறதுக்கும் படிப்பு வேணும். உங்க மருவைக் கொண்டாங்க, காட்டறேன்" என்று அவள் சொன்னாள். ஓய்ந்த நேரத்தில் அவள் செய்த பறக்கிற படங்களை ஸ்டூடியோ முதலாளி வாசல் கண்ணாடியில் ஒட்டினார். தையல்காரர் ஊசிக் காதுக்குள் கால் நீட்டிப் படுத்திருப்பார். தபால்காரர் ஒரு கடித உறையில் ஏறித் துடுப்புப் போடுவார். படத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு பிரிண்ட் சும்மா கொடுத்துவிட வேண்டும் என்பது அவள் வைத்திருந்த வழக்கம். "முதுகு வலிக்க ஸ்டூல்ல தொங்குனவங்களுக்கு மூஞ்சியாவது சொந்தமா இருக்கட்டும்" என்பாள். முதலாளிக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் கூட்டம் வருகிறதே என்று வாயை மூடிக்கொண்டார்.

அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் ஆயத்த ஆடைக் கம்பெனியின் மேனேஜர் உள்ளே வந்தார். அவளுடைய தங்கச்சி வேலை பார்க்கும் அதே கம்பெனி. தங்கச்சிக்குச் சட்டைக் காலர் தைக்கிற மிஷின். சட்டை வாங்குகிற வெளிநாட்டுப் பார்ட்டி பார்வையிட வரப்போகிறார்கள், நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி சுவர் அளவுக்கு ஒரு படம் வேண்டும் என்றார் மேனேஜர்.

"நம்ம லேபர் எல்லாரும் தையல் ஹால்ல உயர உயரப் பறக்கணும். பாத்ததும் வளர்ச்சி தெரியணும். புரியுதாம்மா?"

"புரியுது சார். எவ்வளவு உயரம்?"

"எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

லீவு நாள் ஒன்றில் ஸ்டூலும் கையுமாகப் போனாள். ஸ்டூலைச் சுமந்து வந்தது வீட்டுக்காரர். படத்துக்கு வந்த பெண்கள் தலை வாரிப் பவுடர் பூசிக் கலகலவென்று நின்றிருந்தார்கள். அவள் வழக்கம்போல, "எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க" என்றாள். முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் முன்வாசல் வழியாக வெளியே போனார்கள். போகவே வெகுநேரம் பிடித்தது. அவ்வளவு பெரிய ஹாலுக்கு அந்த ஒரு வாசல்தான்.

ஹால் காலியான பிறகுதான் அவளுக்கு அது தெரிந்தது. ஆள் இருக்கும்போது கண் ஆளைத்தான் பார்க்கும். ஆள் போனபின் மிஷின் வரிசைகளைத் தாண்டிக் கண் பின்சுவருக்குப் போயிற்று. அங்கே தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே அட்டைப்பெட்டிகள். பெட்டிகளுக்கு மேலே, 'அவசர வழி' என்று பச்சை விளக்குப் போட்ட பலகை ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது. வழியைத்தான் காணோம்.

படத்தை எடுத்துவிட்டுத் தங்கச்சியைக் கூப்பிட்டாள். "ஏய், அங்க கதவு இருக்கா?"

"இருக்குங்கிறாங்க. நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து பாத்ததில்ல."

"அவசர வழின்னு போட்டிருக்கே."

"அவசரம் அட்டைப்பெட்டிக்குத்தான்க்கா. நம்மளுக்கு என்ன அவசரம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது கை தானாகத் தோள்பட்டைக்குப் போனது. போன மழைக்காலத்தில் இஸ்திரி மேசை ஒன்று புகைந்தபோது மொத்த ஹாலும் முன்வாசலுக்கு ஓடி, நெரிசலில் கதவு நிலையில் இடித்து அவள் தோள் இறங்கிவிட்டது. இன்றைக்கும் அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. வீட்டில் படியில் வழுக்கி விழுந்தேன் என்றுதான் அதுவரை சொல்லி வைத்திருந்தாள். பறக்கிற படத்துக்குக் கையை விரிக்கச் சொன்னபோது ஒரு கை மட்டும் பாதியில் நின்றது. அக்காக்காரி விடவில்லை, துருவித் துருவிக் கேட்டாள். அப்போதுதான் உண்மை வந்தது.  பாதியில் நின்ற அந்தக் கையை அக்கா அப்படியே படம் எடுத்தாள்.

அன்று பொழுது சாயும்வரை எடுத்தாள். கூரைக்குப் பக்கத்தில் பறப்பவளின் உள்ளங்காலும் தாடையும் தெரிய வேண்டும், கீழிருந்து பார்க்கிற பார்வை அல்லவா? அதனால் பெண்களை மேசைமேல் ஸ்டூல் போட்டுப் படுக்கவைத்து, இவள் தரையில் மல்லாந்து கிடந்து எடுத்தாள். துப்பட்டா காற்றில் எழும்ப வேண்டும் என்று வீட்டுக்காரர் ஒரு அட்டையை வைத்து விசிறிக்கொண்டே இருந்தார். "மூட்டை தூக்குறதே தேவலை" என்று நடுநடுவே அறிவித்தார். மேனேஜரும் ஆசைப்பட்டு ஸ்டூலில் ஏறினார். தொந்தி முட்டிக்கொண்டு கால் இறங்கியது. "வயித்தை எக்குங்க சார், வளர்ச்சி கீழ தொங்குது" என்று ஒரு பெண் குரல் வந்தது. யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

மறுநாள் மேனேஜர் ஸ்டூடியோவுக்கு வந்தார். கம்ப்யூட்டரில் காலி ஹாலின் படம் விரிந்திருந்தது. பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அடடா, எவ்வளவு பளிச்னு இருக்கு. ஒண்ணு செய்ம்மா. பின்னாடி அந்தப் பெட்டியெல்லாம் எடுத்துட்டு ஒரு கதவு வெச்சுடு. பறக்கிற படத்துலயும் எடுத்துடு. இந்தக் காலிப் படத்தையும் தனியா ஒரு காப்பி குடு. அவசர வழியைப் போட்டோ எடுத்து அனுப்புங்கன்னு பார்ட்டி கேட்டுட்டே இருக்காங்க."

"பெட்டியை எடுக்க முடியாது சார்."

"ஏம்மா, ஆளையே பறக்க விடுறே. பெட்டியை எடுக்க முடியாதா?"

"ஆள் பறக்குற படத்தைப் பாத்து யாரும் ஜன்னல்லேர்ந்து குதிக்கப் போறதில்ல சார். கதவு இருக்குன்னு படத்துல காட்டினா, இருக்குன்னு நம்பி உள்ள ஆளை வெச்சுப் பூட்டுவாங்க. அதுல என் தங்கச்சியும் இருக்கா."

"உன் தங்கச்சிக்குச் சம்பளம் குடுக்கிறது யாரு?"

"தைக்கிறது யாரு சார்?"

ஸ்டூடியோ முதலாளி கல்லாவிலிருந்து கனைத்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மேனேஜரைப் பார்த்தே சொன்னாள்: "படத்துல எடுக்கணும்னா நிழல், தரை, சுவர்னு ரெண்டு நாள் ஆகும். நெசத்துல எடுக்க எங்க வீட்டுக்காரருக்கு அரை நாள் போதும். எது லேசுன்னு நீங்களே பாத்துக்கோங்க."

மேனேஜர் போய்விட்டார். முதலாளி அவளிடம் அன்று முழுக்கப் பேசவில்லை. அவர் பேசாததற்குக் காரணம் இரண்டு நாள் கழித்துத் தங்கச்சியின் போனில் வந்தது. காலி ஹாலின் படத்தை முதலாளியே எடுத்துக் கொடுத்துவிட்டார். மேனேஜரின் அக்கா பையன் யாரோ போனிலேயே வேலையை முடித்து, படம் கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஏறிவிட்டது. வெளிநாட்டுக்கும் போய்விட்டது.

தங்கச்சி நோட்டீஸ் போர்டைப் படம் பிடித்து அனுப்பியதை அவள் பெரிதாக்கிப் பார்த்தாள். முதலில் தரையைத்தான் பார்த்தாள். பெட்டிகள் இல்லை. பெட்டிகளின் நிழல் அப்படியே சதுரம் சதுரமாகத் தரையில் கிடந்தது. ஏதோ ஹோட்டலில் இருந்து வெட்டி எடுத்த பளபளப்பான கதவு ஒன்று சுவரில் நின்றது. அதற்குக் கைப்பிடி இல்லை.

"நல்ல கதவுதான்" என்றார் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து. "உள்ள போறவனும் திறக்க முடியாது, வெளிய வர்றவனும் திறக்க முடியாது. தகராறே இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அது அவள் எடுத்த படம். அவள் வைத்த மூன்று பொட்டின் மேல் நின்று, அவள் கண்ணால் அளந்து எடுத்தது. அதைக் கொண்டுதான் அந்தச் சுவரை இன்னும் கெட்டியாக அடைத்திருக்கிறார்கள்.

அவள் உட்கார்ந்து சுவர்ப் படத்தை முடித்தாள். மேனேஜர் கேட்டது கேட்டபடி, எல்லாரும் பறந்தார்கள். எவ்வளவு முடியுமோ அவ்வளவு உயரம். கூரையில் வெளிச்சத்துக்காகப் போட்டிருந்த தகடுகளில் ஒன்றை மட்டும் படத்தில் கழற்றி வைத்தாள். அந்த ஓட்டை வழியாக ஒவ்வொருவராக, வரிசை கலையாமல், வானத்துக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கத்தரிக்கோலோடு, ஒருத்தி டிபன் பாக்ஸோடு, ஒருத்தி முடிக்காத சட்டையை இழுத்துக்கொண்டு. தங்கச்சி பாதி விரிந்த கையோடு. எல்லாருக்கும் முன்னால் மேனேஜர், தொந்தியோடு. மேலே போகப் போக நிழல் பெரிதாகி வெளிற வேண்டும் என்று ஒவ்வொரு நிழலையும் தனித்தனியாகச் செய்தாள். ஆள் இல்லாத ஹாலின் கோடியில் பெட்டிகள் பெட்டிகளாகவே இருந்தன. ஒரு மூலை, ஒரு மடிப்பு தவறாமல். மேலே பச்சைப் பலகை எரிந்தது.

முதலாளி பார்த்தார். "இது கம்பெனிக்குப் போகக் கூடாது."

"கம்பெனிக்குப் போகலன்னா பரவால்ல. படத்துல நின்னவங்களுக்குப் போகும்."

"அப்ப நாளையிலேர்ந்து நீ இங்க வர வேண்டாம்."

"சரிங்க. ஸ்டூல் என்னோடது."

பட்டப்பகலில், கடைத்தெரு வழியே, தலையில் ஸ்டூலைக் கவிழ்த்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தாள். "என்னக்கா, இன்னைக்கு யாரைப் பறக்க விட்டே?" என்று பழக்கடைக்காரர் கேட்டார். "என்னையத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிரிண்ட் வேறு இடத்தில் போட்டாள். தங்கச்சி பையில் வைத்து எடுத்துப் போனாள். சாப்பாட்டு நேரத்துக்குள் ஒவ்வொருத்தி கையிலும் ஒன்று. மறுநாள் காலையில் ஒவ்வொரு மிஷினின் பக்கவாட்டிலும் ஒன்று ஒட்டியிருந்தது. யாரும் யாரிடமும் சொல்லி ஒட்டவில்லை. பக்கத்து மிஷினைப் பார்த்து ஒட்டினார்கள், அவ்வளவுதான்.

மேனேஜர் ஹாலுக்குள் வந்தவர் தன் முகத்தை வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். முதலில் அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்திருக்கும். பாதி ஹால் தாண்டியதும் நின்றார்.

"இதையெல்லாம் கிழிங்க."

யாரும் எழவில்லை. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"கிழிக்கச் சொல்றேன்."

"எங்க மூஞ்சி சார் அது" என்றாள் தங்கச்சி. "எங்க மூஞ்சியை நாங்களே கிழிப்போமா? வேணும்னா நீங்க உங்களதை மட்டும் கத்தரிச்சு எடுத்துக்கோங்க. கத்தரி தரட்டுமா?"

"எல்லாரும் எதுக்கு இப்பக் கூரை வழியா போறீங்க? யாராவது கேட்டா என்ன சொல்லுவே?"

"பின்னாடி வழி இல்லன்னு சொல்லுவோம் சார்."

அவருக்கு அப்போதுதான் கணக்குப் புரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பார்ட்டியின் கையில் பெட்டி இல்லாத படம் இருக்கிறது. இங்கே மிஷினுக்கு மிஷின் பெட்டி இருக்கிற படம். வருகிறவர்கள் இரண்டையும் பார்த்தால் நேரே பின்சுவருக்குத்தான் நடப்பார்கள். இத்தனை பேர் முகத்தைப் பார்ட்டி வருவதற்குள் கிழித்து முடிக்க முடியாது. அனுப்பிய படத்தைத் திரும்ப வாங்கவும் முடியாது. பாக்கி இருந்தது ஒரே வழி: ஒட்டி அனுப்பிய கதவை மெய்யாக்குவது.

லோடு வண்டிக்குச் சொல்லி அனுப்பினார்கள். வந்தது வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரர்தான். கூடவே ஸ்டாண்டும் கேமராவுமாக அவளும் வண்டியிலிருந்து இறங்கினாள். மேனேஜர் வாசலில் மறித்தார்.

"உன்னை யாரு கூப்பிட்டது?"

"வண்டிக்கு லோடு ஏத்த ஆள் வேணும்ல சார். நான் கூட்டாளி."

பெட்டிகளை இறக்கினார்கள். பெண்களே வரிசையாக நின்று கைமாற்றி விட்டார்கள்; யாரும் சொல்லவில்லை, மிஷினை நிறுத்திவிட்டு வந்துவிட்டார்கள். பெட்டிகளுக்குப் பின்னால் கதவு இருக்கத்தான் இருந்தது. இரும்புக் கதவு, அதில் துருப்பிடித்த பூட்டு. சாவி எங்கே என்று வாட்ச்மேனைக் கேட்டால் அவர் மேனேஜரைக் காட்டினார். மேனேஜர் தனக்கு முன்னால் இருந்த மேனேஜரைச் சொன்னார். வீட்டுக்காரர் யாரையும் கேட்காமல் வண்டியிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்து இரண்டு போடு போட்டார். பூட்டு விழுந்தது. கதவு ஒரு முறை கத்திவிட்டுத் திறந்தது.

வெயில் உள்ளே வந்தது. இத்தனை நாளும் மேலேயிருந்து மட்டும் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்த ஹாலில், முதல் தடவையாகத் தரையோடு ஒரு வெளிச்சம் நீளமாக ஓடி, மிஷின் கால்களின் நிழலை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டது. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் படத்தில் தனித்தனியாக உட்கார்ந்து செய்த அத்தனை நிழலும் இப்போது தப்பு. அவ்வளவு தப்பாகிப்போனதில் அவளுக்கு அவ்வளவு திருப்தி.

மேனேஜர் பக்கத்தில் வந்தார். குரல் இறங்கியிருந்தது. "பெட்டியைத்தான் எடுத்தாச்சேம்மா. இப்பவாவது அந்தப் படத்துல எடுத்துட்டுப் புதுசாப் போட்டுக் குடு. பழசை இவங்ககிட்டேர்ந்து வாங்கிக்கலாம்."

"அது அப்படியே இருக்கட்டும் சார். பெட்டி திரும்பி வந்தா அடையாளம் தெரியணும்ல."

"வராதும்மா."

"வரலன்னா படம் என்ன பண்ணப்போகுது? சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கும்."

அவர் மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் ஹாலின் நடுவுக்குப் போய்விட்டாள். தரையில் அவள் வைத்த மூன்று வெள்ளைப் பொட்டும் மிஷின் எண்ணெய் பட்டு மங்கலாக இருந்தன, ஆனால் இருந்தன. ஸ்டாண்டின் மூன்று காலையும் அதன்மேல் பொருத்தி, கேமராவைப் பூட்டி, நிமிர்ந்தாள். ஹாலில் அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்லப்போகிறாள் என்று எல்லாருக்கும் தெரியும்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க" என்றாள். பாதிப் பேர் பழக்கத்தில் முன்வாசல் பக்கம் திரும்பினார்கள்.

"அந்தப் பக்கம் இல்ல. பின்கதவு வழியா."

தங்கச்சிதான் முதலில் போனாள்.